ஐம்பதைத் தாண்டிய கொத்தனார்: வேலையை அவருக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடும் இடத்துக்குப் போனால், சாரத்தின் மேல் நிற்கிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம் தெரியும். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவை எப்போது சேர்ப்பது, வழவழப்பான கல்லை வைத்து எந்தப் பதத்தில் தேய்க்கத் தொடங்குவது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சிமென்ட் வேலை மட்டும் பழகிய பிள்ளைகளுக்கு அந்தப் பதம் பிடிபட ரொம்ப நாளாகும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம்பிடித்தன. அந்த வீடுகளைக் காப்பாற்றிக்கொடுக்கிற கைகளுக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது ஆகிறது.

புது வீடு கட்டும் இடங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வயதான சித்தாள்கள் கல் சுமக்கிறார்கள், அறுபதைத் தொட்டவர்கள் கம்பி கட்டுகிறார்கள். ஓய்வூதியம் குடும்பம் நடத்தப் போதாது, பிள்ளைகளின் கடன் இன்னும் முடிந்திருக்காது. ஆகவே "வயசாச்சு, வீட்ல இருங்க" என்று சொல்வது பலருக்கும் உதவாத அறிவுரை. அவர்கள் வேலைக்கு வரத்தான் போகிறார்கள். வரும் வேலையை அவர்கள் உடம்புக்குப் பொருந்தும்படி மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். பெரும்பாலும் குறைந்த செலவிலேயே முடியும். மேஸ்திரிகள், வீடு கட்டுகிறவர்கள், இந்த வேலைக்குப் போகும் அப்பா அம்மாவை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

முதலில் ஒரு கணக்கு

இதற்கு மேல் முடியாது என்கிற எல்லை வரை ஒருவர் உழைத்தால், இதயமும் நுரையீரலும் தசைகளும் சேர்ந்து எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுமோ, அதுதான் அவருடைய உச்சத்திறன். எட்டு மணி நேர வேலையில், சராசரியாக இந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவாகக் கூடாது என்பது உழைப்பின் உடலியலைப் படித்தவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் அளவு. அதைத் தாண்டினால் களைப்பு மறுநாளும் தீராமல் சேர்ந்துகொண்டே போகும்.

வயது ஏற ஏற உச்சத்திறன் குறையும். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். 25 வயதில் ஒருவருடைய திறன் 100 என்றால், 55 வயதில் சுமார் 77. இப்போது அதே வேலையை இருவருக்கும் கொடுத்துப் பாருங்கள். அந்த வேலைக்கு 33 அளவு திறன் தேவை என்றால், இளைஞருக்கு அது மூன்றில் ஒரு பங்கு, எல்லைக்குள் இருக்கிறது. மூத்தவருக்கோ அது 43 சதவீதம். வேலையும் கூலியும் நேரமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் சாயங்காலம் கபடி ஆடப் போகிறார், மற்றவர் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறார். இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது?

தசையும் இதே போலத்தான். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. "நாள் முழுக்க உழைக்கிற உடம்புங்க, அதுக்கு என்ன ஆகும்?" என்று பலர் கேட்பார்கள். உழைக்கும் உடம்பு உரமாக இருக்கும் என்பது ஓரளவுக்கே சரி. உடற்பயிற்சி என்பது கொஞ்ச நேரம் உடலை வருத்தி, பிறகு நன்றாக ஓய்வு கொடுப்பது. கட்டட வேலையில் சுமையும் குனிவும் மணிக்கணக்காக நீளும், நடுவில் ஓய்வு போதாது. அதனால் உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையைக் கடும் உடலுழைப்பு அப்படியே தந்துவிடுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பல நாடுகளின் விபத்துப் பதிவுகளில், மூத்த தொழிலாளர்கள் இளைஞர்களைவிட அடிக்கடி அடிபடுவதாகத் தெரியவில்லை. பல இடங்களில் அவர்களுக்குக் குறைவாகவே அடிபடுகிறது. எங்கே கால் வைக்கக் கூடாது, எந்தப் பலகை ஆடும், எந்தச் சுவர் சாயப் பார்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அடிபட்டால் அடி பெரிதாக இருக்கிறது, ஆறவும் கூடுதல் நாளாகிறது. இளைஞர் ஒருவர் கையை உதறிவிட்டு எழுந்துவிடும் வழுக்கலில், அறுபது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு உடையலாம்.

பின்லாந்துக்காரர்கள் வரைந்த வீடு

பின்லாந்தின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனத்தில் யுஹானி இல்மாரினெனும் அவருடைய குழுவினரும் 1981 முதல் நகராட்சிப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, வயது ஏறும்போது வேலைத்திறனுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். தங்கள் முடிவை அவர்கள் நான்கு தளமுள்ள ஒரு வீடாக வரைந்து காட்டினார்கள். கீழ்த்தளம் உடல்நலம். அதற்கு மேல் தொழிலறிவு. மூன்றாவது தளம் வேலை மீதுள்ள மனப்பாங்கு, மதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே நான்காவது தளமாக வேலையே இருக்கிறது: அதன் சுமை, இடம், கருவி, வேலை வாங்கும் முறை.

கொத்தனாருக்கு மேல்தளம் கனத்தால் கீழ்த்தளம் எப்படி நசுங்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வயதால் கீழ்த்தளம் கொஞ்சம் இளைக்கிறது. நாம் செய்யக்கூடிய முதல் உதவி, மேல்தளத்தின் கனத்தைக் குறைப்பது. ஆளைக் குறை சொல்வதை விட்டுவிட்டு வேலையைத் திருத்துவது என்று இதைச் சொல்லலாம். இந்தக் கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்னும் ஊரில் பி.எம்.டபிள்யூ கார்த் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே 2007இல் ஒரு உற்பத்தி வரிசையில் சராசரி வயது 47 வரும்படி ஆட்களை நிறுத்தி, அவர்களிடமே கேட்டு, எழுபது சிறு மாற்றங்களைச் செய்தார்கள். தரையில் மரப்பலகை, இடையிடையே உட்கார்ந்து செய்ய நாற்காலி, சிறிய பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி என்று எல்லாமே எளிய சங்கதிகள். ஒரே ஆண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. கார்த் தொழிற்சாலை வேறு, கொத்து வேலை வேறுதான். ஆனால் "எங்கே வலிக்கிறது, எது கஷ்டமாக இருக்கிறது" என்று வேலை செய்கிறவரிடம் கேட்பதற்கு எந்த ஊரிலும் காசு ஆகாது.

குனிவதும் தூக்குவதும்

ஒரு பூச்சுக்காரர் வேலை செய்வதை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். கலவைச் சட்டி தரையில் இருக்கிறது. குனிந்து கரண்டியில் அள்ளுகிறார், நிமிர்ந்து சுவரில் அடிக்கிறார், மணியாஸ் கட்டையால் தேய்க்கிறார், மறுபடி குனிகிறார். ஒரு நாளில் இது பல நூறு முறை நடக்கும். ஒவ்வொரு குனிவிலும் கலவையின் எடையோடு தன் உடம்பின் மேல்பாதி எடையையும் அவருடைய கீழ்முதுகு தூக்கி நிமிர்த்த வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டியை இரண்டு ஹாலோ பிளாக் மேல் ஒரு பலகை போட்டு முழங்காலுக்குச் சற்று மேலே வைத்துவிட்டால், பாதிக்கு மேல் குனிவு இல்லாமல் போகிறது. சாரத்தின் மேலும் இதே போல ஒரு மேடை கட்டலாம். செலவு ஒன்றுமில்லை, காலையில் ஐந்து நிமிட வேலை. ஒரு மூத்த கொத்தனாரிடம் இப்படி வைத்துக்கொடுத்தபோது மத்தியானம் அவர் சொன்னது: "இடுப்பு இருக்குன்னே தெரியலை தம்பி."

பொதுவான விதி இதுதான்: முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் கை வேலை செய்தால் உடம்புக்குச் சிரமம் குறைவு. அதற்குக் கீழே போனால் முதுகு, மேலே போனால் தோள்பட்டை, கழுத்து. கூரைப் பூச்சு, உத்தரத்துக்கு வார்னிஷ் அடிப்பது போன்ற தலைக்கு மேல் வேலைகளை மூத்தவருக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சாரத்தின் உயரத்தை ஏற்றிக்கொடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவருக்கு முழங்கால்தான் முதலில் போகும். சாக்கை மடித்துப் போட்டால்கூட வெறும் தரைக்கு எவ்வளவோ மேல், தடித்த ஸ்பாஞ்ச் வைத்த முழங்கால் உறை அதைவிட மேல். கூடவே மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்க வைக்க வேண்டும்.

சுமை பற்றி ஒரு எண் சொல்கிறேன். தூக்கும் இடம், பிடிமானம், உயரம் எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் வழக்கமாகத் தூக்கும் எடை 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல்! அதை ஒருவர் முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறுவதை நாம் தினமும் பார்த்துப் பழகிவிட்டதால், அது இயல்பு என்று ஆகிவிட்டது. இருவர் சேர்ந்து தூக்குவது, கைவண்டி, கப்பி, மிக்சர் லிஃப்ட், மூட்டையை லாரியிலிருந்து கலவை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்க வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. கடைசியில் சொன்னதற்கு லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும். அந்த ஒரு வார்த்தையால் ஒரு முதுகு தப்புகிறது என்றால் பேசிவிட வேண்டும்.

பழைய வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூண், உத்தரம், நிலை ஆகியவற்றை இறக்குவது தனி ரகம். அங்கே மூத்தவரின் இடம் தூக்குகிற வரிசையில் இருக்கக் கூடாது. எந்த முனையை முதலில் விடுவிப்பது, கயிறு எங்கே கட்டுவது, முட்டு எங்கே கொடுப்பது என்று பார்த்துச் சொல்லும் இடத்தில் அவரை நிறுத்துங்கள். அவரிடம் இருப்பதிலேயே விலை அதிகமானது அதுதான்.

வெளிச்சம், படி, உயரம்

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்குகிறது, விழி வில்லை மஞ்சளாகிறது. போதாதற்கு வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகவும் கூடுதல் நேரம் எடுக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை இதோடு சேர்த்து யோசியுங்கள். வளவின் முற்றத்தில் உச்சி வெயில் கண்ணைப் பறிக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் இருட்டறை. நடுவில் உயரமான நிலைப்படி. அதைத் தாண்டினால் வழவழப்பான தரை, அதில் கலவைத் தண்ணீர் சிந்தியிருக்கும். தலையில் சட்டியோடு வரும் ஐம்பத்தெட்டு வயது அம்மாவுக்கு அந்த நிலைப்படி தெரியாது.

இங்கே செய்ய வேண்டியது: வேலை நடக்கும் அறையில் ஒரு எல்.இ.டி. விளக்கு தொங்கவிடுங்கள். நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்டோ டேப்போ ஒட்டுங்கள். அடிக்கடி போய்வரும் வழி என்றால் நிலைப்படிக்கு இருபுறமும் சாய்வாகப் பலகை போட்டு ஆணி அடித்துவிடுங்கள், பழைய மரத்தில் ஆணி படாமல். தரையில் சாக்கு விரியுங்கள், அது சுருண்டு கால் தடுக்காதபடி ஓரங்களில் கனம் வையுங்கள். தலைச்சுமையோடு எதிரெதிரே வருகிறவர்கள் மோதாமல் போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. அப்புறம், கண் பரிசோதனை. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போட்டவர் அதைப் போட்டுக்கொண்டே படியிறங்கினால் படி கலங்கலாகத் தெரியும் என்பதையும் சொல்லிவையுங்கள். கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

உயரத்தைப் பற்றி நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். சவுக்குக் கம்புச் சாரத்தில் ஒற்றைப் பலகை மேல் நிற்பது எந்த வயதுக்கும் ஆபத்து. மூத்தவருக்குச் சமநிலை கொஞ்சம் தளர்ந்திருக்கும், தடுமாறினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வேகமும் குறைந்திருக்கும். பலகைகள் இடைவெளி இல்லாமல் இரண்டு மூன்று சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், இடுப்புயரத்தில் குறுக்குக் கம்பு இருக்க வேண்டும், ஏறி இறங்கச் சாரத்துக் கம்புகளைப் பிடித்துத் தொங்காமல் தனி ஏணி வேண்டும். ஏணி நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி நிற்கட்டும், மேல் நுனி ஏறிச் சேரும் இடத்துக்கு மேலே மூன்றடியாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஓட்டுக்கூரை மேல் ஏறுவது இன்னும் மோசம். பழைய ஓட்டுக்குக் கீழே அதைத் தாங்கும் ரீப்பர் மரச்சட்டம் உளுத்திருப்பது மேலேயிருந்து தெரியாது. குறுக்கே பலகை போடாமல், பெல்ட் மாட்டாமல் யாரும் ஏறக் கூடாது. தலைசுற்றல் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கும் பழக்கமுள்ளவர்களைக் கீழ் வேலைக்கு வையுங்கள்.

சுண்ணாம்பு நீற்றும் இடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீறாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்புக் குவியலில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்துவிட்டால் கசக்காமல், இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை இருபது நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவி, அப்படியே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வெயில்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வெயில் எப்படி இருக்கும் என்று தெரியும். வயதானவர்களுக்கு அதில் இரண்டு கூடுதல் சங்கடங்கள். வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் குறைகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தாகம் எடுப்பது தாமதமாகிறது. "தாகமெடுத்தா குடிச்சுக்குறேன்" என்பது இருபது வயதில் சரிப்படலாம். அறுபதில் தாகத்தை நம்பக் கூடாது, கடிகாரத்தை நம்ப வேண்டும். கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு தம்ளர் தண்ணீர். பானையை நிழலில், வேலை செய்யும் இடத்துக்குப் பத்தடிக்குள் வைத்தால்தான் இது நடக்கும். நீர்மோர், கம்மங்கூழ் நல்லது. அதிகம் வியர்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

நேரத்தை மாற்றுவது இதைவிடப் பெரிய மருந்து. காலை ஆறுக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தி, வெயில் தாழ்ந்தபின் மூன்றரைக்கு மேல் தொடர்ந்தால் வேலை குறைவதில்லை. சுண்ணாம்புப் பூச்சும் உச்சி வெயிலில் வேகமாக உலர்ந்து வெடிக்கும் என்பதால் வேலைத் தரத்துக்கும் இது நல்லதுதான்.

திருவிழாவுக்கோ காய்ச்சலுக்கோ ஒன்றிரண்டு வாரம் வேலைக்கு வராதவர், திரும்பி வந்த முதல் நாளே முழு வேலை செய்வது ஆபத்து. வெயிலுக்குப் பழகியிருந்த உடம்பு அந்த இடைவெளியில் பழக்கம் விட்டுப்போயிருக்கும். முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுசாக என்று ஏற்றுவது பரிந்துரைக்கப்படும் முறை. வெயிலில் யாராவது உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ, அது மயக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல வேலையிடங்களில் சித்தாள் அம்மாக்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. காரணம், ஒதுங்க இடமில்லை. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மாலைவரை அடக்கிக்கொள்கிறார்கள். வெயிலில் இப்படி இருந்தால் மயக்கம், நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் வயதில், தலைச்சுமையும் சேர்ந்து கழுத்தெலும்பைப் பதம் பார்க்கிறது. பல லட்சம் போட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள், பின்கட்டில் இருக்கும் கழிப்பறையைப் பூட்டி வைக்காமல் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் தகரம் அடித்துத் தற்காலிகமாக ஒன்று கட்ட வேண்டும். தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கட்டும். இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். சாரத்தடியில் நாலு ஸ்டூல் போட நாம் இன்னொரு சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரைகள்

ஐம்பதைத் தாண்டியவர்களில் பலரும் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் சாப்பிட வேண்டியிருந்தும் தெரியாமல் இருக்கிறார்கள். அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும், சில மாத்திரைகளால் குனிந்து நிமிர்ந்தால் கிறுகிறுக்கும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு டீ, ஒரு வடையோடு சாரம் ஏறும் சர்க்கரைக்காரருக்குப் பத்து மணிவாக்கில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருளலாம். அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. உடனே கீழே இறக்கி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். வேலையிடத்தில் ஒரு டப்பாவில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். மாத்திரையால் தொந்தரவு என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. என்ன வேலை செய்கிறோம், எத்தனை மணிக்கு வெயிலில் நிற்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொன்னால் அவர் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

கேட்கிற விதம் முக்கியம். "உனக்கு சுகர் இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், வேலை போய்விடும் என்ற பயம். காலையில் கரண்டி எடுக்கும் நேரத்தில் மேஸ்திரி தனியாக, "மாமா, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டாச்சா? இன்னிக்கு கீழ வேலையைப் பாருங்களேன்" என்றால் பதில் வரும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது உடம்பு வலி மாத்திரை. மருந்துக்கடையில் "வலிக்கு ரெண்டு குடுங்க" என்று வாங்கி, தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நெடுநாள் போட்டால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். வெயிலில் நீர் வற்றிய உடம்புக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வலி என்பது வேலையில் எதையோ மாற்றச் சொல்லும் குறிப்பு. சட்டியை உயர்த்தி வைக்காமல் மாத்திரையைப் போட்டால் குனிவது நிற்காது, சிறுநீரகமும் சேர்ந்து போகும். சாயங்காலம் வலி மறக்கக் குடிப்பதும் அப்படித்தான். தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் உடம்பில் நீரைக் குறைக்கும்.

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்ப்பது என்றால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம். 108தான்.

மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் சேர்க்க அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

கூலியும் அட்டையும்

வேலையை மாற்றிக் கொடுத்தால் கூலி குறைந்துவிடுமோ என்ற பயம் இருக்கும்வரை எந்த மூத்தவரும் "என்னால் தூக்க முடியவில்லை" என்று வாய் திறக்க மாட்டார். அதிலும் சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் பேசினால் வேகம்தான் கூலி. பக்கத்தில் நிற்கும் இளைஞரோடு போட்டி போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வார். மூத்தவருக்கு நாள்கூலி பேசுங்கள். ஒரு மூத்தவர், ஒரு இளைஞர் என்று ஜோடி சேருங்கள். சுமையும் உயரமும் இளையவருக்கு, மட்டம் பார்ப்பதும் மேல்பூச்சும் பதம் சொல்வதும் மூத்தவருக்கு. சுண்ணாம்பு வேலையில் இந்த ஜோடிக்கு இன்னொரு பலனும் உண்டு: இரண்டு மூன்று வீடு முடிவதற்குள் இளையவருக்குப் பதம் பிடிபடத் தொடங்கும். சொல்லிக்கொடுப்பதற்கென்று மூத்தவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்டர், தச்சர், கல் பதிப்பவர் எல்லாரும் இதில் வருவார்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 முடிந்ததும் மாத ஓய்வூதியம் ஆகியவை இதன் வழியாகக் கிடைக்கும். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதில் இருப்பவர்களுக்கு இதில் அவசரம் அதிகம். 60 தாண்டிவிட்டால் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஓய்வூதிய நேரத்தில் அலைய நேரிடும். ஆதாரில் பிறந்த ஆண்டு தப்பாக இருந்தால் அதை முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். மேஸ்திரிகள் தங்கள் ஆட்களின் வாரிய அட்டைகளை ஒருமுறை வாங்கிப் பார்த்து, தேதி முடிந்தவர்களைத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ ஒரு நாள் கூலியோடு அனுப்பிவைக்கலாம். அப்பா அம்மா இந்த வேலையில் இருந்தால், அட்டையைத் தேடி எடுத்து அதில் உள்ள தேதியை நீங்களே பார்த்துவிடுங்கள்.